கினி பிசாவும் முந்திரியும் – கடிதம்

வணக்கம்.

பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழில் எங்களுக்கு. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வரும் மூட்டைகள் சிலவற்றில் கினி பிசாவ் என்று போட்டிருக்கும். செய்தியில் அந்தப் பேர் வந்தாலே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததாகத்தான் வருகிறது. அது எப்படிப்பட்ட நாடு? இவ்வளவு கொட்டை விளைந்தும் அவர்களே ஏன் உடைத்து விற்பதில்லை?

– ஒரு வாசகர், பண்ருட்டி

அன்புள்ள நண்பருக்கு,

ராணுவத்தை விட்டுவிட்டு மூட்டையிலிருந்து தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நாட்டைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான வழி.

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகலுக்கும் கினி என்ற இன்னொரு நாட்டுக்கும் நடுவே, அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. மக்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். தாழ்ந்த நிலம், கடல் ஓதம் ஆறுகள் வழியே வெகுதூரம் உள்ளே ஏறிவரும். கரையோரமெல்லாம் அலையாத்திக் காடு.

அந்தச் சதுப்பில்தான் பலாண்டா மக்கள் நெல் விளைவிக்கிறார்கள். மண்கரை போட்டு உப்புநீரைத் தடுப்பார்கள். மழை பெய்து மண்ணில் இருக்கும் உப்பு கரைந்ததும், கரைக்குள் பதித்த குடைந்த மரத்தண்டு வழியே அதை வடித்துவிடுவார்கள். நுனியில் இரும்பு வைத்த நீண்ட மரமண்வெட்டிதான் கருவி. கரையைக் கவனிக்காமல் விட்டால் வயலில் மறுபடி உப்பு ஏறிவிடும். இவ்வளவு நெல் அறிவுள்ள நாடு இன்று அரிசியை இறக்குமதி செய்கிறது.

அதற்கு ஒரு முக்கியக் காரணம் முந்திரி. பிரேசிலிலிருந்து நம் மேற்குக் கரைக்கு அதைக் கொண்டுவந்த போர்ச்சுகீசியர்தான் அங்கும் கொண்டுபோனார்கள். இன்று ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் அதிலிருந்து வருகிறது. பெரும்பகுதி தோடு உடைக்காமலே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. கிராமங்களில் கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்குவதும் உண்டு. விலை விழுந்தால் அடுப்பில் அரிசி குறையும். 2020இல் கொரோனாவால் வெளிநாட்டு வியாபாரிகள் வரமுடியாதபோது அதுதான் நடந்தது.

போர்ச்சுகலுக்கு எதிராக விடுதலைப் போரை நடத்திய அமில்கார் கப்ரால் ஒரு வேளாண் நிபுணர். 1953இல் நாடு முழுக்க விவசாயக் கணக்கெடுப்பு நடத்தினார். அப்போது வேர்க்கடலையை மட்டும் நம்பியிருந்த பொருளாதாரத்தின் ஆபத்தை அவர் எழுதியிருக்கிறார். 1973 ஜனவரியில் அவரைக் கொன்றார்கள். அந்த செப்டம்பரில் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஒரே பயிரை நம்பும் நிலை போகவில்லை, பயிர்தான் மாறியது. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆட்சி விஷயம்: அதிபருக்கும் பிரதமருக்கும் அதிகாரத்தைப் பங்கிட்ட அரசியலமைப்பு, இருவருக்கும் ஓயாத சண்டை. 1980இல் ஆட்சிக் கவிழ்ப்பு, 1998-99இல் உள்நாட்டுப் போர், 2009இல் அதிபர் வியேரா கொலை, 2012இல் தேர்தலின் நடுவே ராணுவம், 2025 நவம்பரில் தேர்தல் முடிவு வரும் முன்பே மறுபடி ராணுவம். பிழைப்புக்கு வேறு வழி குறைந்த ஊரில் அரசாங்க நாற்காலியே பெரிய சொத்து. அதற்கான சண்டை ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சரி, ஏன் உடைப்பதில்லை? கொட்டை கிடைப்பது வருஷத்தில் சில மாதம்தான். ஆலை வருஷம் முழுக்க ஓட மொத்தத்தையும் சீசனிலேயே வாங்கி இருப்பு வைக்கவேண்டும். அதற்கு எவ்வளவு முதல் வேண்டுமென்று உங்களுக்கே தெரியும். அங்கே கடன் கிடைப்பது அரிது, வட்டியும் அதிகம். வெளிநாட்டு வியாபாரி ரொக்கத்தோடு வந்து நிற்கிறார். அப்புறம் மின்சாரம். தலைநகர் பிசாவே கரையோரம் நின்று மின்சாரம் தயாரித்த ஒரு துருக்கிக் கப்பலை நம்பியிருந்தது. 2023 அக்டோபரில் பாக்கி கட்டவில்லை என்று அதை நிறுத்தியதும் நகரமே இருண்டது.

பழம் மட்டும் உள்ளூரிலேயே பயன்படுகிறது. கொட்டையைத் திருகி எடுத்தபின் பெண்கள் பழத்தைப் பிழிந்து ஒயின் செய்து விற்கிறார்கள். அந்தக் காசு பெரும்பாலும் அவர்கள் கையிலேயே தங்குகிறது.

உங்கள் ஊரில் உடைப்புக் கூலி என்ன, இருப்பு வைக்கக் கடன் எப்படிக் கிடைக்கிறது? எழுதினால் இங்கே போடுகிறேன்.