கண்ணில் தொடு உணர்வு போய்விட்டது, அறுவை சிகிச்சை செய்தால் திரும்ப வருமா?

வரும். ஆனால் எல்லோருக்கும் வராது, உடனேயும் வராது. தலைக்குள் கட்டி எடுத்த பிறகு அப்பாவுக்கு ஒரு கண் மரத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். "வலியே இல்லையே, எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் ஊரே கேட்டது.

எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம். அம்மாவுக்கு வலது நெற்றியில் அக்கி வந்து கண்ணிலும் இறங்கியது. காவி மண்ணால் அக்கி எழுதினோம், டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டோம். (காவிக்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், இரண்டையும்தான் செய்தோம்.) கொப்புளம் காய்ந்தது, கண் மட்டும் சிவந்தே கிடந்தது. ஒருநாள் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய மிலாறை, அதாவது குச்சிகளை, கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவருக்குக் கருவிழி மேலேயே ஒரு பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தது. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியவே இல்லை.

ஒரு கிளினிக்கில் கண் வறட்சி என்று சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கோவையில் பார்த்த டாக்டர்தான் பஞ்சைத் திரியாகத் திரித்துக் கருவிழியில் தொட்டார். இடது கண் படக்கென்று மூடிக்கொண்டது. வலது கண் பஞ்சை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கருவிழிக்கு உணர்வு தருவது ஐந்தாவது மூளை நரம்பு. அக்கி கெடுத்தது அதைத்தான். அது கெட்டால் இமைப்பது குறையும், கண்ணீர் குறையும், மேல்தோல் உரிந்து புண்ணாகும், புண் ஆறாது. முற்றினால் கருவிழியில் ஓட்டையே விழுந்துவிடும். அம்மாவுக்குச் செயற்கைக் கண்ணீர், அவர் ரத்தத்திலிருந்தே எடுத்த சீரம் சொட்டு, இமையைப் பாதி தைத்து வைப்பது என்று எல்லாம் பார்த்தாயிற்று. செனெகெர்மின் என்று ஒரு சொட்டு மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அதன் விலையைக் கேட்டதோடு சரி.

அப்புறம்தான் நரம்பு இணைக்கும் ஆபரேஷன். நல்ல பக்கத்து நெற்றி நரம்பை நேராகவே திருப்பி மரத்த கண்ணுக்குக் கொண்டுவரும் முறையை 2009இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அம்மாவுக்குச் செய்தது அதற்குப் பின்னால் வந்த முறை. கெண்டைக்காலில் இருந்து ஒரு நரம்பை எடுத்து, அதன் ஒரு முனையை இடது புருவத்து நரம்போடு சேர்த்து, மூக்குத்தண்டின் மேல் தோலுக்கடியில் கடத்தி, மறுமுனையின் இழைகளைப் பிரித்து வலது கருவிழியைச் சுற்றி வைத்தார்கள். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் உணர்வு வந்தபோது, வலது கண்ணில் சொட்டு விட்டால் இடது நெற்றியில் யாரோ தொடுவது போல இருக்கிறது என்றார். அம்மாவுக்குப் பிரமை என்று நினைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டு, மூளை இன்னும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது, பழகிவிடும் என்றார். பழகியது.

கால் ஓரத்தில் கொஞ்சம் மரப்பு இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். கண் ஆபரேஷனுக்குக் காலில் எதற்குக் கீறல் என்று இன்சூரன்ஸ்காரர் கேட்ட கேள்விக்குக் கடிதம் எழுதியே சலித்துவிட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. இது உணர்வைக் கொண்டுவரும் ஆபரேஷன், பார்வையை அல்ல. ஏற்கெனவே விழுந்த தழும்பு அப்படியே இருக்கும். அதற்குக் கருவிழி மாற்று பற்றிப் பிறகுதான் யோசிப்பார்கள். மரத்த கண்ணில் மாற்றுக் கருவிழி வைத்தால் அதுவும் புண்ணாகிவிடும் என்பதால்தான் முதலில் நரம்பு.

நான் டாக்டர் இல்லை. உங்கள் அப்பா தூங்கும்போது அந்த இமை முழுதாக மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். தலைக்குள் வரும் காது நரம்புக் கட்டியை எடுத்தவர்களுக்கு முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கலாம். இமை மூடாவிட்டால் அதை முதலில் கவனிக்கச் சொல்வார்கள். கருவிழி டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கும் இடமாகப் போங்கள்.