பழைய வீட்டில் இரண்டு இரவுகள்

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் இருபதாவது திருமண நாள் வருகிறது. வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்பும்படி, புதுச்சேரியில் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் பூட்டிக் ஹோட்டல் ஒன்றில் தங்க ஆசைப்படுகிறேன். “தூங்கி எழுவதற்கு இவ்வளவு வாடகையா, லாட்ஜ் போதாதா?” என்கிறார் கணவர். முழங்கால் வலியுள்ள 74 வயது மாமியாரும் எங்களுடன் வருகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் கணவர் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. காலை 8 மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு ஆரோவில், சுண்ணாம்பாறு படகுத்துறை என்று சுற்றிவிட்டு இரவு 10 மணிக்கு வந்து படுப்பதாக இருந்தால், லாட்ஜில் தங்கி மிச்சப்படும் பணத்தில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம். பழைய வீட்டுக்கு வாடகை கொடுப்பதென்றால் அந்த வீட்டில் இருக்க வேண்டும். வெயில் ஏறும் 11 மணி முதல் இறங்கும் 4 மணி வரை மூவரும் வெளியே போவதில்லை என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முற்றத்தில் விழும் வெளிச்சம் தூண் தூணாக நகர்வதைப் பார்த்தபடி காபி குடிக்கும் அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுக்கிறீர்கள்.

அடுத்தது, எந்தப் பகுதி என்பது. விளம்பரப் படங்களில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகத் தெரிவது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரம் 1765-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு எழுந்த வீடுகள் இவை; உயரமான மதிலுக்குள் ஒதுங்கி நிற்பவை. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதி வீடுகளோ திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சில மாடி வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருக்கும். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே அதற்கு நல்ல உதாரணம். உங்கள் குடும்பத்துக்கு நான் தமிழர் பகுதியையே சொல்வேன். மாமியாருக்குத் தெருவை வேடிக்கை பார்க்கத் திண்ணை கிடைக்கும். பாரதியார் புதுவையில் வாழ்ந்த ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீடும் அங்கேதான் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால், அதற்கு முன்பே ஆட்டோவில் போய் இறங்கினால் மாமியார் காந்தி சிலை அருகே நிம்மதியாகக் காற்று வாங்கலாம்.

பழைய வீட்டின் தொந்தரவுகளையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விடுதியில் முதல் மாடி அறை கேட்டு வாங்கினேன். மரப்படிகள் செங்குத்தாக இருந்தன, லிஃப்ட் கிடையாது. காலையில் கண் விழித்தால் போர்வை முழுக்க வெள்ளைப் பொடி. மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருந்தது. “இதெல்லாம் சகஜம் சார், பழைய வீடு இல்லையா?” என்றார் மேலாளர். அந்த வாடகைக்கு அது சகஜமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். தரைத்தளத்தில் எந்த அறை, வாசலிலிருந்து அதற்கு எத்தனை படி, கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, அதில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று கேளுங்கள். அந்த அறையையே கைபேசியில் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; தயங்கினால் வேறு இடம் பாருங்கள். முற்றத்தைப் பார்த்த அறை அழகுதான் என்றாலும், எதிர் அறைக்காரர் இரவு 12 மணிக்குச் சிரிப்பதும் அங்கே கேட்கும். இன்னொன்று, ஓர் அறையின் நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிடும். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் உள்ள வித்தியாசம் 200 ரூபாயோடு நிற்காது என்பதைக் கணவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கணக்குப் பார்க்கிறவர் என்பதால் அதிலேயே பாதி சமாதானமாகிவிடுவார்.

வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து குவியும், வாடகையும் ஏறும். திருமண நாள் அன்றே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ஞாயிறு மாலை போய் செவ்வாய் திரும்புவது பற்றியும் விசாரியுங்கள். அறையை உறுதி செய்யும்போது, திண்ணையில் போட ஒரு சாய்வு நாற்காலி கிடைக்குமா என்றும் மறக்காமல் கேட்டுவிடுங்கள். தாழ்வான திண்ணையில் உட்கார்ந்து எழுவது உங்கள் மாமியாருக்குச் சிரமம்.