வாசகர் கேள்வி பதில்: இயந்திரம் எழுதும் காலத்தில் வேலையும் பொறுப்பும்

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் மென்பொருளான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்த நாள் முதலாக, எழுத்து, படம், குரல் முதலியவற்றைத் தானே உருவாக்கும் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு குறித்த கேள்விகள் இப்பகுதிக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (கணினிப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்): கணினி நிரல் எழுதும் வேலையை இயந்திரமே செய்துவிடும் என்றால், அனுபவம் இல்லாத புதியவர்களை நிறுவனங்கள் இனி எதற்காக வேலைக்கு எடுக்கும்? நான் படித்தது வீணாகிவிடுமா?

பதில்: படித்தது வீணாகாது, ஆனால் உங்கள் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து, செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு, பிறரோடு ஒப்பிடுகையில் 13 சதவீதம் சரிந்திருப்பதாகக் கூறியது. அதே தொழில்களில் மூத்தவர்களுக்கு அத்தகைய சரிவு இல்லை. பாடநூல்களிலும் இணையத்திலும் எழுதி வைக்கப்பட்ட அறிவை இயந்திரம் எளிதில் பெற்றுவிடுகிறது, பல ஆண்டு வேலையில் கைவரும் அறிவு அவ்வாறு எழுதப்படவில்லை என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். இந்தச் சரிவில் மற்றப் பொருளாதாரக் காரணங்களின் பங்கு எவ்வளவு என்ற விவாதமும் நடக்கிறது.

இதற்கு முன் 2023இல் வந்த மற்றோர் ஆய்வையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பணிபுரிந்த 5,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி தரப்பட்டபோது, ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்துவைத்த சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கோ அது 34 சதவீதம். திறமையான ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் பேசும் முறையைக் கருவி கற்றுக்கொண்டு, அதைப் புதியவர்களுக்கு உடனுக்குடன் எடுத்துக் கொடுத்ததே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆக, புதியவரை விரைவில் தேர்ச்சி பெறச் செய்யவும், அவரே வேண்டாம் என்று ஒதுக்கவும் ஒரே கருவி பயன்படக்கூடும். எது நடக்கும் என்பதை முதலாளியின் முடிவே தீர்மானிக்கிறது. சிறிய வேலைகளைச் செய்து, தவறி, மூத்தவரிடம் திருத்தம் பெற்றுத்தான் எவரும் மூத்தவராகிறார். அந்தச் சிறிய வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிடும் நிறுவனம், பத்து ஆண்டுகள் கழித்துத் தனக்குத் தேவைப்படும் நிபுணர்களை இன்றே இழந்துவிடுகிறது. இதை நிறுவனங்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிரலை முதலில் நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு இயந்திரத்தின் விடையோடு ஒப்பிடுங்கள். 2025இல் நடந்த ஒரு சோதனையில், நன்கு பழகிய திட்டங்களில் பணிபுரிந்த 16 அனுபவசாலி நிரலாளர்கள், கருவியைப் பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தங்கள் வேலை 20 சதவீதம் விரைவாக முடிந்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அனுபவசாலிகளுக்கே இப்படியென்றால், கற்கும் நிலையில் உள்ள ஒருவர் தம் வேகத்தையும் தேர்ச்சியையும் உணர்வை வைத்து மட்டும் மதிப்பிடலாகாது. வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லும்போது, உங்கள் நிரலைப் படித்துத் திருத்தப்போகிறவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். விடை தெளிவாக வரும் இடம், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும், உங்களுக்கு நல்ல இடம்.

கேள்வி (பள்ளி இறுதி வகுப்பு மாணவியின் தாய்): எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் என் மகளுக்கு ஆபத்து இல்லை?

பதில்: அப்படி உறுதி தரக்கூடிய பட்டியல் யாரிடமும் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியும் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் கூறினார். அந்த ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அம்மருத்துவர்களின் தேவை குறையவில்லை. அவர் சொல்லைக் கேட்டு அன்று அப்படிப்பைக் கைவிட்டவர் எவரேனும் இருந்தால், அவருக்கு அது பேரிழப்பு. உங்கள் மகளுக்கு எதில் உண்மையான ஆர்வமோ அதையே ஆழமாகப் படிக்கட்டும்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): இப்போதெல்லாம் இயந்திரம் மொழிபெயர்த்ததை அனுப்பி, "சற்றுப் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள். பாதிக் கூலிதான் தருகிறார்கள். திருத்துவதற்கோ புதிதாக மொழிபெயர்க்கும் நேரமே ஆகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. முன்பு மோசமான மொழிபெயர்ப்பு படித்த உடனேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய இயந்திரத்தின் நடை சரளமாக இருப்பதால், விடுபட்ட எதிர்மறைச் சொல்லும் மாறிப்போன எண்ணும் அந்தச் சரளத்துக்குள் மறைந்துகொள்கின்றன. மூலத்தை வரிக்கு வரி வைத்து ஒப்பிடாமல் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அது முழுமையான வேலை. ஆகவே சொல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கை விட்டு, மணிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். சில பக்கங்களை மாதிரிக்குத் திருத்தி, ஆன நேரத்தைக் குறித்துக் காட்டினால் பேச்சு எளிதாகும். தரப்போவது திருத்த வேண்டிய இயந்திர மொழிபெயர்ப்பா, புதிதாக மொழிபெயர்க்க வேண்டிய மூலமா என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

தனியொருவராகக் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023 மே மாதம் தொடங்கி 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், எழுத்தாளரைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்தக் கூடாது, அதனால் உருவான பகுதிகளை அவரிடம் கொடுத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் இடம்பெற்றன. சங்கமாகச் சேர்ந்திருந்ததால்தான் அது கைகூடியது. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தனித்தனியே பணிபுரிகிறார்கள். கூலி விகிதத்தையேனும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ஒரு மாணவனின் கட்டுரையை, இயந்திரத்தின் எழுத்தைக் கண்டறியும் மென்பொருள், "இயந்திரம் எழுதியது" என்கிறது. அவனோ தானே எழுதியதாக அழுகிறான். யாரை நம்புவது?

பதில்: மென்பொருளை மட்டும் நம்பித் தண்டிக்க வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று கூறி 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகக் குறித்தன. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதை இக்கருவிகள் அளக்கின்றன. எளிய சொற்களில் எழுதும் பிள்ளை இதில் அநியாயமாகச் சிக்கிக்கொள்கிறது. அவனை அருகில் அமர்த்தி, அந்தக் கட்டுரையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள். ஏன் இந்த எடுத்துக்காட்டு, இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி (அலுவலக உதவியாளர்): இயந்திரம் தந்த தவறான தகவலுக்கு யார் பொறுப்பு?

பதில்: பயன்படுத்தியவர்தான். இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி சொன்னபடியே மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தன் இணையதள உரையாடல் கருவி பயணிக்குத் தவறான தகவல் தந்ததற்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று 2024இல் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று கூறியது. உங்கள் பெயரில் வெளியேறும் ஒவ்வொரு தாளையும் நீங்கள் படித்திருக்க வேண்டும். அதற்கான நேரத்தை உங்கள் மேலதிகாரி தர வேண்டும்.

கேள்வி (ஓய்வு பெற்ற வாசகர்): குரலையும் முகத்தையும் போலியாக உருவாக்க முடிகிறதே, இனி எதை நம்புவது?

பதில்: 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில், காணொளிக் கூட்டத்தில் மேலதிகாரிகளைப் போலத் தோன்றிய போலி உருவங்களை நம்பி, ஒரு நிறுவன ஊழியர் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்ட செய்தி வெளியானது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், இத்தகைய போலிப் படைப்புகளை அவ்வாறே அடையாளமிட்டு வெளியிட வேண்டும் என்கிறது. அது தேவையான சட்டம். ஆனால் மோசடி செய்பவர் அடையாளமிடப் போவதில்லை. ஆகவே, பணம் கேட்டோ அவசரப்படுத்தியோ அழைப்பு வந்தால், குரல் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் அவரை நீங்களே அழையுங்கள். குடும்பத்தினருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உதவும். அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பாமல் நேரில் சொல்லுங்கள்.