இவ்வளவு தொலைவில் இருக்கும் வால்மீனின் பாதையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சனிக்கோளின் சுற்றுப்பாதைக்கு உள்ளே வரவே வராத ஒரு வால்மீனின் பாதையை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டைன் வால்மீனே அருமையான எடுத்துக்காட்டு.

சிலியில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கி, பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலை ஆராய்வதற்காக எடுத்த படங்களில் அது 2014-லேயே மங்கலான புள்ளியாகப் பதிவாகியிருந்தது. அப்போது சூரியனிலிருந்து அதன் தொலைவு சுமார் 29 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு), கிட்டத்தட்ட நெப்டியூன் இருக்கும் தூரம். அதை அடையாளம் கண்டது 2021-இல்தான்.

அவ்வளவு தூரத்தில் நாம் பார்க்கும் நகர்வில் பெரும்பகுதி வால்மீனுடையதே அல்ல. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் தோற்றம். ஒரு வாரப் படங்களை வைத்துப் பாதையைத் தீர்மானிக்க முடியாது. 2014 முதல் 2018 வரையிலான பதிவுகளைக் கோத்தபோதுதான் அது தெளிவானது. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதன் அருமை இங்கேதான் புரிகிறது!

சரி, பாதை எப்படிப்பட்டது? மிக நீண்ட நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள். கோள்களின் தளத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக வருகிறது. 2031 ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகே, சுமார் 11 வானியல் அலகு தொலைவில் இருக்கும். வால்மீனின் திடமான நடுப்பகுதியான கரு 100 கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது என்றாலும், வெறும் கண்ணுக்குத் தெரியாது.