பழைய சைக்கிளுக்கு மோட்டார்: பெங்களூரு கேள்வி பதில்

அல்சூர்: அப்பாவோட 28 இன்ச் கறுப்பு சைக்கிள். முன்சக்கரத்துல 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் போடலாமா சார்?

போடலாம். ஆனால் பழைய ரிம்மை நம்பி வாங்காதீர்கள். இந்த வகை சைக்கிளில் பெரும்பாலும் முன் ரிம்முக்கு 32 ஓட்டை, பின்னுக்கு 40. கிட் மோட்டார்களில் பொதுவாக 36. அதனால் 700சி என்ற அளவுள்ள அலுமினிய ரிம்மில் கோர்த்தே வரும் மோட்டாராக வாங்குங்கள். விட்டம் 13 மி.மீ. குறைவு, ஃபோர்க்கில் தாராளமாக உட்காரும். ராட் பிரேக் அந்த ரிம்மைப் பிடிக்காது. நீளக் கை காலிப்பர் பிரேக் வேண்டும். ஃபோர்க் தலையில் அதற்குத் துளை உண்டா என்று முதலில் பாருங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவே கூடாது. மழையில் நனைந்த இரும்பு ரிம் 25 கி.மீ. வேகத்தில் நிற்காது. முதலில் பிரேக், பிறகுதான் மோட்டார். கிட்டோடு வரும் லீவரையே மாட்டினால் பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கும்.

அடுத்து அச்சு. 12 மி.மீ. அச்சின் இரு பக்கமும் சீவி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். பழைய ஃபோர்க்கின் வாய் (அச்சு உட்காரும் பிளவு) அதைவிடக் குறுகல். இரு பக்கமும் சமமாக அரத்தால் ராவுங்கள், ஆழத்தைக் கூட்டாதீர்கள். டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் ஃபோர்க்கோடு பிடித்து வைக்கும் பட்டை) கட்டாயம். மோட்டார் இழுக்கும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். நட் தளர்ந்தால் அச்சு சுழன்று ஒயர் முறுக்கி அறுந்துவிடும், சக்கரமே கழன்றும் விழலாம். முதல் 50 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: சஸ்பென்ஷன் ஃபோர்க்ல முன்னாடி போடலாமா?

வேண்டாம், பின்னால் போடுங்கள். அலுமினிய வாய் வளையாமல் சட்டென்று உடையும்.

ஸ்ரீராமபுரம்: நானும் முன்சக்கரம்தான்ணா. டார்க் ஆர்ம் அவசியமா?

அல்சூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அவசியம்.

கே.ஆர்.புரம்: 12 வோல்ட் லெட் ஆசிட் மூணு போட்டா மலிவாச்சே?

12 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) மூன்றும் சேர்ந்து சுமார் 12 கிலோ. அந்த 12 ஏ.எச். 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் வெகுவாகக் குறையும். லித்தியம் 36 வோல்ட், 10 ஏ.எச். என்றால் 360 வாட்-அவர். பெடலும் மிதித்தால் கி.மீ.க்கு 12 வாட்-அவர் போல ஆகும், 30 கி.மீ. வரும்.

பிரேசர் டவுன்: நண்பரோட எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) சார்ஜர் பின் பொருந்துது. அதுலயே லித்தியம் அயான் பேக்கை ஏத்தலாமா?

கூடாது! உங்கள் லித்தியம் அயான் பேக் 10 செல் அடுக்கு, 42 வோல்ட்டில் நிறையும். 12 செல் எல்எஃப்பி சார்ஜர் 43.8 வரை ஏற்றும், அதாவது செல்லுக்கு 4.38 வோல்ட்.

கே.ஆர்.புரம்: பேட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட், பிஎம்எஸ், வெட்டிடுமே சார்?

வெட்ட வேண்டும். ஆனால் அது கடைசி வேலி. தினமும் அதில் போய் மோதினால், என்றாவது அது வெட்டாத நாளில் படுக்கையறையில் நெருப்பு.

பிரேசர் டவுன்: பாதியில பிடுங்கிட்டா?

கண்காணிக்க நீங்கள் விழித்திருக்க வேண்டும். சரியான சார்ஜர் வாங்குங்கள், இதற்கு மேல் வாதம் வேண்டாம்.

பெல்லந்தூர்: லைசென்ஸ் வேணுமா?

30 நிமிட பவர் (மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் பவர்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கி.மீ.க்குக் கீழ் என்றால் வேண்டாம். 1000 வாட் கிட் போட்டால் அது மோட்டார் வாகனம்.

அல்சூர்: இறக்கத்துல பேட்டரி சார்ஜ் ஆகுமா?

உள்ளே கியர் வைத்த ஹப் மோட்டாரில் ஆகாது, ஃப்ரீவீல் இருப்பதால் இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுழற்றாது.

சிவாஜிநகர்: த்ராட்டில்ல ஓடுது, பெடல் மிதிச்சா மோட்டார் வரலை.

பெடல் சுற்றுவதை சென்சாருக்குக் காட்ட கிராங்க் அருகே ஒரு காந்த வட்டு இருக்கும், அதைத் திருப்பி மாட்டியிருக்கலாம். பின்னோக்கி மிதித்துப் பாருங்கள், ஓடினால் அதுதான் காரணம். இல்லையென்றால் சென்சார் இடைவெளியை 2-3 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். காட்டர் பின் (குறுக்கே அடித்த ஆணி) பிடிக்கும் பழைய கிராங்க் என்றால் இரண்டாகப் பிரியும் வட்டு வாங்குங்கள், பின்னைத் தட்டிக் கழற்ற வேண்டியிருக்காது.