1956 சூயஸ் போர் ஏன் மூண்டது? கடைசியில் யாருக்கு லாபம்?

சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் தேசியமயமாக்கியதுதான் காரணம் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்புதான் எகிப்து நைல் நதியில் கட்டவிருந்த அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பணத்தைத் தர முடியாது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் கைவிரித்திருந்தன. அங்கிருந்துதான் கதையைப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதிலடியாக ஜூலை 26 அன்று அலெக்சாண்ட்ரியாவில் நாசர் பேசினார். பேச்சில் ‘லெசெப்ஸ்’ (கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர்) என்ற பெயர் வந்ததும் கால்வாயை நடத்திவந்த பிரிட்டிஷ்-பிரெஞ்சு கம்பெனியின் அலுவலகங்களைக் கைப்பற்ற வேண்டும் என்பது ரகசிய ஏற்பாடு. வானொலி கேட்டுக் காத்திருந்தவர்கள் தவறவிடக் கூடாதே என்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார், கில்லாடி!

பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் கமுக்கமாகப் பேசி வைத்தன: இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தில் நுழையும், சண்டையை விலக்கிவிடும் சாக்கில் இவர்கள் இறங்குவார்கள். அக்டோபர் 29-ல் தொடங்கி அப்படியே நடந்தது.

களத்தில் எகிப்து தோற்றது. ஆனால் அமெரிக்க அதிபர் ஐசனோவர் கடுப்பானார். பிரிட்டனின் பவுண்டு சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) பணம் கிடைக்காமல் அமெரிக்கா முட்டுக்கட்டை போட, பிரிட்டன் பணிந்தது. என் கணக்கில் பீரங்கியைவிட இந்தப் பணநெருக்கடிதான் போரை நிறுத்தியது. பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார். கால்வாய் எகிப்திடமே தங்கியது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையில் காவலுக்கு வைத்த ஐ.நா. படையை 1967-ல் நாசர் வெளியேறச் சொன்னார். அடுத்த மாதமே மறுபடி போர்.