கரைக்கு முன்னாடி கலிங்கு

கேள்வி: அண்ணே, கல்லல் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கு, செம்மண்ணும் சரளையும் கலந்தது. மேக்க மேடு, கிழக்க பள்ளம். மழை பேஞ்சா தண்ணி பூரா பள்ளத்துல ஓடி வெளிய போயிடுது. அங்க ஒரு குட்டை வெட்டி, வெட்டுன மண்ணையே குறுக்க அணை மாதிரி போட்டுடலாம், ரெண்டு நாள் வேலைதான்னு ஜேசிபிக்காரர் சொல்றார். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல, நான்தான் நின்னு பாக்கணும். ஐப்பசிக்குள்ள முடிச்சிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: முடிக்கலாம் தங்கச்சி, ஆனா மொதல்ல விஏஓவ பாத்து எஃப்எம்பிங்கற நில அளவைப் படத்துல அந்தப் பள்ளம் ஓடைப் புறம்போக்கா, கண்மாய்க்குப் போற வரத்துக்காலான்னு பாத்துருங்க. வரத்துக்கால்னா குறுக்க ஒரு கூடை மண்ணு கூட போடக்கூடாது, நம்ம சீமையில ஒரு கண்மாய் நெறஞ்சு மறுகால் போனாத்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணி. உங்க பட்டா நிலத்துல விழுந்து ஓடுற மழைத்தண்ணின்னா தாராளமா தேக்குங்க. 5 சென்டிமீட்டர் மழை பேஞ்சா ஒரு ஏக்கர்ல 2 லட்சம் லிட்டர் விழுது, மண்ணு பாதியக் குடிச்சாலும் மிச்சம் இருக்குமே. மேல 20 மீட்டருக்கு 20, சரிவா இறங்கி அடியில 14க்கு 14, ஆழம் 2 மீட்டர்னு வெட்டுனா கிட்டத்தட்ட 5.8 லட்சம் லிட்டர் நிக்கும்.

நிக்குமாங்கறதுதான் சரளையில கேள்வி. குட்டை வரப்போற இடத்துல இடுப்பாழத்துக்கு ஒரு குழி வெட்டி சாயங்காலம் தண்ணி ரொப்புங்க, காலையில காஞ்சு கெடந்துச்சுன்னா களிமண் கொண்டாந்து மெத்தி மிதிக்கணும், இல்ல தார்ப்பாய் ஷீட் விரிக்கணும். தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கி கண்மாய் வண்டல் எடுக்க முடிஞ்சா அதுல களி ஜாஸ்தியா இருக்கறதா பாத்து எடுங்க. ஷீட் போட்டா சுத்தி வேலி கட்டாம விடாதீங்க, வழுக்கும், உள்ள விழுந்த புள்ளையோ ஆடோ ஏற முடியாது.

இப்ப கரை. நான் மொத குட்டை வெட்டுனப்ப இதே மாதிரி ஜேசிபி மண்ண அள்ளிக் கொட்டி பக்கெட்டால ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிடுச்சு, நெறஞ்ச தண்ணி வழிஞ்சு வெளிய போற கலிங்குன்னு நானும் ஒரு முழ அகலத்துக்கு கரை நடுவுலயே வாய் விட்டேன். கார்த்திகையில ஒரு ராத்திரி மழைக்கு தண்ணி கரை மேலயே ஏறி வழிய ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல வெரல் அகலத்துக்கு ஒரு கோடு, டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கும்போதே அது ஆள் படுக்குற அகலம் ஆயிடுச்சு, கையில மண்வெட்டி இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல. கீழ இருந்தவரோட நெல்லு சேறு மூடிப்போச்சு, ரெண்டு வருஷம் அவர் முகத்தப் பாக்க முடியாம இருந்தேன்.

அதனால கலிங்க மொதல்ல வெட்டுங்க, போட்ட மண்ணுல வேண்டாம், கரையோட ஓரத்துல கெட்டித் தரையில, உங்க அளவுக்கு 2 மீட்டர் அகலத்துக்குக் குறையாம, கரை உச்சிய விட அரை மீட்டராவது தாழ்வா வச்சு செம்புறாங்கல் பதிச்சிருங்க. வழிஞ்ச தண்ணி யார் நிலத்துக்குப் போகுதுன்னு அவங்ககிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. அப்புறம் கரை வர்ற இடத்துல புல்லு, வேரு, மேல்மண்ணு எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, நடுவுல கெட்டித்தரை தட்டுற வரைக்கும் நீளமா ஒரு பள்ளம் வெட்டி களிமண் போட்டு மிதிக்கணும், இல்லாட்டி தண்ணி கரைக்கு அடியிலயே பூந்து போயிடும். அதுக்கு மேல அரையடி அரையடியா மண்ணு, தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு தடவையும் டிராக்டரோ ரோலரோ ஓடணும். 5 அடி உயரக் கரைன்னா மேல 5 அடி அகலம், அடியில 25 அடி. ரெண்டு நாள்ல ஆகாது தங்கச்சி, ஜேசிபிக்காரர் அவசரப்பட்டாலும் நீங்க விடாதீங்க.

மொத மழைக்கு கரையோட வெளியடிய போய்ப் பாருங்க. கசியற தண்ணி தெளிவா இருந்தா பரவால்ல, கலங்கலா வந்துச்சுன்னா உள்ளேருந்து மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம், உடனே கலிங்க இன்னும் ஆழமா வெட்டி விட்டு தண்ணிய இறக்கிருங்க.

கேள்வி: குட்டைக் கரையில தென்னை வைக்கலாமா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: வேண்டாங்க, எந்த மரமும் வேண்டாம். வேரு செத்து மக்குனா அந்த ஓட்டையே தண்ணிக்கு வழி. கண்மாய்க் கரையில பனை நிக்குதேன்னு கேப்பீங்க, அது மாட்டுவண்டி போற அகலக் கரை. நம்ம குட்டைக்கு அறுகும் வெட்டிவேரும் போதும், தென்னைய கரைய விட்டு 15 அடி தள்ளி வைங்க.